நச்சுவாயு கசிந்தால் ஓடுவதா, கதவைச் சாத்துவதா?

குளோரின் ஏற்றி வந்த லாரி கவிழ்ந்துவிட்டது, அல்லது பக்கத்துத் தொழிற்சாலையில் அமோனியா குழாய் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சைரன் ஊதுகிறது. கையில் இருப்பது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ. அந்த நேரத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது ஓட வேண்டும் என்பதுதான். தீ என்றால் வெளியே ஓடு, நிலம் நடுங்கினால் வெளியே ஓடு என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம்.

நச்சுவாயுவுக்கு அந்தப் பாடம் பாதிதான் பொருந்தும். திடீரென்று வந்து சீக்கிரம் கடந்துபோகிற வாயு மேகத்துக்கு உள்ளேயே இருப்பது மேல். மெதுவாக வளர்கிற, நாள்கணக்கில் நீடிக்கக்கூடிய ஆபத்துக்கு முன்கூட்டியே கிளம்பிவிடுவது மேல். இரண்டையும் பிரிப்பது நேரம். எந்த அறை, டேப்பா ஈரத்துணியா, மாஸ்க் போட்டால் போதுமா என்று இங்கே வரும் ஒவ்வொரு கேள்வியையும் அந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் பார்க்கப்போகிறேன்: அது எத்தனை நிமிடம் சம்பாதித்துக் கொடுக்கிறது?

மூடிய வீடு எவ்வளவு நேரம் தாங்கும்

கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டால் விஷக்காற்று முழுதாக நின்றுவிடாது. கதவிடுக்கு, ஜன்னல் சட்டம், புகைப்போக்கி, மின்கம்பி நுழையும் துளை என்று எல்லா வழியாகவும் வெளிக்காற்று வந்துகொண்டேதான் இருக்கும். ஒழுகுகிற படகு மாதிரி; மூழ்கும், ஆனால் உடனே மூழ்காது. ஒழுகும் வேகத்தை, ஒரு மணி நேரத்தில் உள்ளே இருக்கும் காற்று எத்தனை தடவை மாறுகிறது என்ற கணக்கில் சொல்வார்கள். ஜன்னல்கள் நன்றாக மூடுகிற வீட்டில் அது அரைத் தடவை அளவில் இருக்கும். இடுக்கும் ஓட்டையுமான பழைய வீட்டில், காற்று பலமாக வீசும் நாளில், இரண்டு தடவைகூடப் போகும்.

இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு போடலாம். வெளியே நச்சு ஒரே அளவில் நிற்கிறது என்று கொண்டால், அரைத் தடவை மாறும் வீட்டுக்குள் 30 நிமிடத்தில் வெளியே உள்ளதில் 22 சதவீதம் சேர்ந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் 39, இரண்டு மணி நேரத்தில் 63, நான்கு மணி நேரத்தில் 86. இரண்டு தடவை மாறும் ஓட்டை வீட்டிலோ அந்த 63 சதவீதம் அரை மணியிலேயே வந்துவிடும். லாரி கவிழ்ந்து கொட்டியது, டேங்கரில் ஓட்டை விழுந்தது போன்ற விபத்துகளில் அடர்த்தியான மேகம் ஓர் இடத்தைக் கடந்துபோக ஆகும் நேரம் பெரும்பாலும் நிமிடங்களில் இருக்கும், மிஞ்சினால் ஒன்றிரண்டு மணி நேரம். அதனால்தான் உள்ளே இருப்பது வேலை செய்கிறது.

22 சதவீதம் என்பதைப் பார்த்து, கால்வாசி விஷம் உள்ளே வந்துவிட்டதே என்று பதற வேண்டாம். குளோரின் போன்ற வாயுக்களில் செறிவு பாதியானால் தீங்கு பாதியாகக் குறைவதில்லை, அதைவிட நிறையவே குறைகிறது. ஒரே மொத்த அளவை நீண்ட நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசிப்பதைவிட, கொஞ்ச நேரத்தில் அடர்த்தியாகச் சுவாசிப்பதுதான் நுரையீரலைக் கெடுக்கும். உச்சத்தைத் தட்டையாக்கிக் கொடுப்பதுதான் வீடு செய்கிற பெரிய உதவி. போதாததற்கு குளோரின், அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு மாதிரியானவை சுவரிலும் திரைச்சீலையிலும் ஒட்டிக்கொள்வதால், உண்மையில் உள்ளே இருக்கும் அளவு இந்தக் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும்.

இருப்பதா, போவதா

ஓடுவதில் இருக்கும் சிக்கலைக் காற்றின் வேகமே சொல்லிவிடும். விநாடிக்கு 3 மீட்டர் என்பது மென்மையான காற்று. அதுவே ஒரு கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் கடந்துவிடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பெரியவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு யாரும் அந்த வேகத்தில் போக முடியாது. ஓடும்போது மூச்சும் ஆழமாக, வேகமாக வாங்குகிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு காற்று நுரையீரலுக்குள் போகிறது. 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் ஆவி கசிந்தபோது, வீட்டைவிட்டு ஓடியவர்கள் பலர் தெருவிலேயே மயங்கி விழுந்த காட்சிகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டிய போபாலைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. ஊருக்கான சைரன் ஒலித்த சில நிமிடங்களில் நிறுத்தப்பட்டுவிட்டது. கண் எரிந்து விழித்தவர்களுக்கு என்ன வாயு, எந்தப் பக்கம் போக வேண்டும், துணியை நனைத்து முகத்தில் கட்ட வேண்டுமா என்று சொல்ல யாரும் இல்லை. காற்று போகும் திசையிலேயே ஓடிப் பலர் விழுந்தார்கள். ஆலைச் சுவரை ஒட்டியிருந்த குடிசைகளில் சாத்திக்கொள்ள ஒழுங்கான ஜன்னல்கூடக் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உள்ளே இரு என்ற அறிவுரை, அடைக்கக்கூடிய வீடு இருப்பவருக்கு மட்டும்தான் முழுதாகப் பலிக்கும்.

எதிர்ப்பக்க உதாரணம் கனடாவின் மிசிசாகா. 1979 நவம்பர் 10 இரவு ரயில் தடம் புரண்டு எரிந்தது. குளோரின் டேங்கர் ஒன்றும் அதில் சிக்கிக்கொண்டது. அடுத்த ஒரு நாளுக்குள் 2 லட்சத்துக்கும் அதிகமான மக்களைப் படிப்படியாக வெளியேற்றினார்கள். ஓர் உயிரும் போகவில்லை. அது பலித்ததற்குக் காரணம், மேகம் வந்து சேரும் முன்பே கிளம்ப நேரம் இருந்தது. எரிந்துகொண்டிருந்த சரக்கு ரயில் எப்போது அணையும் என்று யாருக்கும் தெரியாததால், அத்தனை நாளும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதில் அர்த்தமும் இல்லை.

ஆக, மேகம் ஏற்கெனவே தெருவில் இருக்கிறது அல்லது சில நிமிடங்களில் வந்துவிடும் என்றால் உள்ளே இருங்கள். இன்னும் வரவில்லை, போகும் வழி திறந்திருக்கிறது, அதிகாரிகள் கிளம்பச் சொல்கிறார்கள் என்றால் கிளம்புங்கள். அவர்கள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதுதான் முடிவு. உங்கள் ஜன்னலிலிருந்து தெரியாத காற்றின் திசையும் வாயுவின் பெயரும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

விதிவிலக்கு உண்டு, அது உயிர் சம்பந்தப்பட்டது. கசிந்தது எரியக்கூடிய வாயு என்றால், அதாவது சமையல் எரிவாயு, பெட்ரோல் ஆவி, இயற்கை எரிவாயு மாதிரியானவை வீட்டுக்குள்ளோ வீட்டைச் சுற்றியோ நிறைகிறது என்றால், கதவைச் சாத்திக்கொண்டு உட்காரக் கூடாது. அங்கே ஆபத்து மூச்சில் இல்லை, தீப்பொறியில் இருக்கிறது. விளக்கு சுவிட்சைத் தொடாமல், வண்டியைக் கிளப்பாமல், நடந்தே விலகிப் போக வேண்டும். தீ நெருங்கி வருகிற வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரக் கூடாது.

வெளியேற வேண்டிய நிலை வந்துவிட்டால் குறுக்கே போங்கள். காற்றோடு கூடவே ஓடினால் மேகம் துரத்திக்கொண்டே வரும். காற்றுக்கு எதிராக நேரே போனால் கசிகிற இடத்துக்கே போய்ச் சேர்வீர்கள். காற்றில் இழுபட்டு வரும் வாயு மேகம் பொதுவாக நீளமாக இருக்கும், அந்த அளவுக்கு அகலமாக இருக்காது. கொடியோ மரக்கிளையோ புகையோ சாயும் திசையைப் பார்த்து அதற்குச் செங்குத்தாக நடந்தால் குறைந்த தூரத்தில் வெளியே வந்துவிடலாம்.

மேல் அறையா, கீழ் அறையா

வாயுவின் எடைதான் இங்கே பேசும். காற்றை 1 என்று வைத்தால் குளோரின் 2.5, சல்ஃபர் டை ஆக்சைடு 2.2, மெத்தில் ஐசோசயனேட் சுமார் 2, பாஸ்ஜீன் 3.4, ஸ்டைரீன் ஆவி 3.6. இவை எல்லாம் தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் அடித்தளத்திலும் தேங்கும். 1986 ஆகஸ்ட் 21 இரவு கேமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து கிளம்பிய கார்பன் டை ஆக்சைடு பள்ளத்தாக்குகள் வழியே வழிந்தோடி, சுமார் 1,700 பேரைக் கொன்றது. அதில் பலர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள். மேடான இடத்தில் இருந்தவர்கள் தப்பினார்கள்.

அமோனியா மட்டும் குழப்பும். காற்றைவிட லேசானது, 0.6 தான். ஆனால் அழுத்தத்தில் திரவமாக அடைத்து வைத்த டேங்கிலிருந்து பீறிடும்போது கடும் குளிர்ச்சியோடு நுண்துளிகளாக வருவதால், ஆரம்பத்தில் அதுவும் வெண்புகையாகத் தரையை ஒட்டித்தான் பரவும். எனவே என்ன வாயு என்று தெரியாத முதல் சில நிமிடங்களில் மேல்மாடி என்பதே என் தேர்வு. அடித்தள அறைக்குப் போவது டொர்னாடோ எனும் சுழல்காற்றுக்குச் சரி, இதற்கு ஆகாது. லிஃப்ட் வேண்டாம், அது ஏறி இறங்கும்போது காற்றை உந்தியும் இழுத்தும் மாடிக்கு மாடி பரப்பிவிடும். பெரிய தீயிலிருந்து எழுந்து உயரத்தில் மிதந்து வரும் சூடான புகை என்றால் மட்டும் உச்சிமாடிக்குப் பெரிய அனுகூலம் கிடையாது.

எந்த மாடி என்பதற்கு அடுத்தது எந்த அறை. வெளிச்சுவரும் ஜன்னலும் குறைவாக உள்ள உள்ளறைதான் முதல் தேர்வு. குளியலறை நல்லதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தண்ணீர் இருக்கிறது, கழிவறை இருக்கிறது, ஜன்னல் சின்னது. பார்க்கப் பொருத்தமாகத்தான் தெரியும். ஆனால் பல குளியலறைகளில் மூடவே முடியாத வென்டிலேட்டரும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையும் இருக்கின்றன, இடமும் போதாது. குளியலறை இணைந்த உள் படுக்கையறைதான் இரண்டுக்கும் நடுவே வசதியானது. அந்தக் குளியலறையின் வென்டிலேட்டரையும் சேர்த்து அடைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அடைத்த அறையில் மூச்சு முட்டிவிடாதா? நியாயமான பயம், கணக்குப் போட்டால் தீர்ந்துவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். 30 கன மீட்டர் அறையில், அதாவது 10 சதுர மீட்டர் தரையும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையில், நான்கு பேர் மூன்று மணி நேரம் இருந்தால் 240 லிட்டர். அறைக் காற்றில் அது 0.8 சதவீதம். தலை கனக்கலாம், ஆபத்தில்லை. அதுவும் ஒரு துளிக் காற்றும் நுழையாது என்று கொண்ட கணக்கு. எந்த வீட்டு அறையும் அப்படி அடைபடாது. அமெரிக்க அரசின் பேரிடர் வழிகாட்டுதலும் ஆளுக்கு 10 சதுர அடி தரை இருந்தால் ஐந்து மணி நேரம் வரை போதும் என்கிறது. ஆனால் மெழுகுவர்த்தி, அடுப்பு, கரி, ஜெனரேட்டர் எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது. எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, வெளியிலிருந்து வந்த வாயுவைவிட முன்னால் கொன்றுவிடும்.

டேப்பும் பாலித்தீனுமா, ஈரத்துண்டு போதுமா

2003 பிப்ரவரியில் அமெரிக்க அரசு வீடுகளில் பிளாஸ்டிக் ஷீட்டும் டேப்பும் வாங்கி வையுங்கள் என்றபோது கடைகளில் கூட்டம் அலைமோதியது, கேலியும் கூடவே வந்தது. கேலி செய்தவர்கள் கணக்குப் பார்க்கவில்லை என்பேன். முன்பு சொன்ன அரைத் தடவை வீட்டையே எடுத்துக்கொள்வோம். அதற்குள் ஓர் உள்ளறையை அடைத்து, அந்த அறையின் காற்று மணிக்கு ஐந்தில் ஒரு பங்குதான் மாறும்படி செய்துவிட்டோம் என்று கொண்டால், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வீட்டின் மற்ற பகுதியில் 39 சதவீதம் இருக்கும்போது அந்த அறையில் சுமார் 4 சதவீதம்தான் இருக்கும். இரண்டு மணி நேரத்தில் 63-க்கு எதிராக 13. அறைக்குள் வருவது வெளிக்காற்று அல்ல, ஏற்கெனவே நீர்த்துப்போன வீட்டுக்காற்று; அதனால்தான் இவ்வளவு வித்தியாசம்.

இது பலிக்க வேண்டுமானால் ஷீட் முன்பே அளவெடுத்து வெட்டி, எந்த ஜன்னலுக்கு எது என்று எழுதி, டேப்போடும் கத்தரிக்கோலோடும் அதே அறையில் இருக்க வேண்டும். சைரன் கேட்ட பிறகு ஷீட்டைத் தேடி, அளந்து, வெட்டி ஒட்டுவதற்குள் மேகம் பாதி கடந்துபோயிருக்கும். அந்த நேரத்தில் நாலு ஜன்னலையும் சாத்தி, கதவடியில் நனைத்த துண்டைத் திணித்துவிட்டு உட்கார்ந்தவர் உங்களைவிட நல்ல நிலையில் இருப்பார். ஈரத்துண்டு பெரிய இடுக்கை அடைக்கும். அமோனியா மாதிரி தண்ணீரில் கரையும் வாயுவைக் கொஞ்சம் பிடித்தும் வைக்கும். சட்டத்தைச் சுற்றியுள்ள மெல்லிய இடுக்குகளுக்கு அது எட்டாது. அவற்றுக்கு டேப்தான்.

என் வரிசை இப்படி: முதலில் வீட்டின் எல்லாக் கதவு ஜன்னலும், அப்புறம் அறைக்கதவின் கீழ் ஈரத்துண்டு, அதன் பிறகு நேரம் இருந்தால் டேப். ஜன்னலைத் தாழ்ப்பாள் போட்டு மூடுவது சும்மா சாத்துவதைவிட இறுக்கமாக இருக்கும், அதற்கு ஒரு விநாடிதான் ஆகும். பக்கத்தில் ரசாயன ஆலையோ ரயில் சரக்கு முற்றமோ உள்ளவர்கள் வெட்டிய ஷீட்டைத் தயாராக வைத்திருப்பது நியாயம். மற்றவர்களுக்கு டேப் ஒரு உருளையும் பெரிய குப்பைப் பைகளும் போதும். பையைக் கிழித்து விரித்தால் அதுவும் ஷீட்தான்.

மின்விசிறி, ஏசி, மற்றதெல்லாம்

ஜன்னலைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுகிறவர்கள் உண்டு. அது உள்ளே இருக்கும் நல்ல காற்றை வெளியே தள்ளும். தள்ளிய இடத்தை நிரப்ப எல்லா இடுக்கிலிருந்தும் விஷக்காற்று இழுபடும். சமையலறைச் சிம்னியும் அதே ரகம்தான். ஏர் கூலர் இன்னும் மோசம், வெளிக்காற்றை இழுத்து வீசுவதே அதன் வேலை. கட்டடம் முழுவதற்கும் புதுக்காற்று தரும் மத்திய ஏசியை நிறுத்தியே ஆக வேண்டும். அடுக்குமாடியிலும் அலுவலகத்திலும் அதன் சுவிட்ச் எங்கே, யார் கையில் என்று முன்பே தெரிந்திருப்பது ஒரு பெட்டி நிறைய மாஸ்க்கைவிட உதவும்.

ஸ்ப்ளிட் ஏசி பற்றித்தான் இரு கருத்து. அதன் சாதாரண மாடல்கள் அறைக் காற்றையே சுழற்றுபவை, வெளிக்காற்றை எடுப்பதில்லை. கடும் வெயிலில் முதியவர் ஒருவர் அறைக்குள் இருக்கிறார் என்றால் ஓட விடலாம் என்பதே என் எண்ணம். புதுக்காற்று வசதி உள்ள மாடலா என்று சந்தேகம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஜன்னல் ஏசியில் காற்றுத் திறப்பு ஒன்று இருக்கும், பெட்டியைச் சுற்றியும் இடுக்கு இருக்கும். அதை அணைத்து, முகப்பை ஷீட்டால் மூடுவதே சரி. சீலிங் ஃபேன் வெளிக்காற்றை இழுக்காது.

மாஸ்க், ஈரத்துணி, பியூரிஃபையர்

மாஸ்க்கில்தான் தவறான நம்பிக்கை அதிகம். என்-95 தூசியையும் புகைத்துகளையும் பிடிக்கும். குளோரினோ அமோனியாவோ ஹைட்ரஜன் சல்ஃபைடோ அதன் வழியே தாராளமாகப் போகும், ஏனென்றால் அவை துகள் அல்ல, வாயு. நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வைத்த காற்று பியூரிஃபையருக்கும் இதே வரம்புதான். காட்டுத்தீப் புகை நாள்கணக்கில் சூழ்ந்திருக்கும்போது அந்த இரண்டையும்விட நல்ல துணை கிடையாது. வாயுக் கசிவில் அவற்றை நம்பி உட்காருவது வீண். கார்பன் ஃபில்டர் சேர்ந்த பியூரிஃபையர் சில கரிம ஆவிகளைக் கொஞ்சம் பிடிக்கும். வீட்டு பியூரிஃபையரில் இருக்கும் மெல்லிய கார்பன் அடுக்கு சீக்கிரம் நிறைந்துவிடும், அமோனியாவைச் சரியாகப் பிடிக்காது, கார்பன் மோனாக்சைடைப் பிடிக்கவே பிடிக்காது.

வாயுவுக்கென்றே உள்ள, கேட்ரிட்ஜ் எனும் வடிகட்டிக் குப்பி பொருத்திய மாஸ்க் வேறு விஷயம். சரியான வாயுவுக்குச் சரியான கேட்ரிட்ஜ், முகத்தோடு இறுக்கமான பொருத்தம், தாடி இல்லாத கன்னம், காலாவதியாகாத வடிகட்டி என்று நாலும் கூடினால்தான் பலன். 1991 வளைகுடாப் போரின்போது இஸ்ரேலில் வீட்டுக்கு வீடு வாயு மாஸ்க் கொடுத்தார்கள். வடிகட்டியின் மூடியைக் கழற்றாமல் அணிந்து மூச்சுத்திணறி இறந்தவர்கள் அங்கே உண்டு. பயிற்சி இல்லாத வீட்டில் அந்த மாஸ்க்கை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்தப் பணத்துக்கு ஜன்னலின் ரப்பர் பட்டைகளை மாற்றிக்கொள்ளலாம்.

நனைத்துப் பிழிந்த துணி? எளிமையானது என்பதற்காக அதை ஒதுக்க வேண்டாம். தண்ணீரில் கரைகிற அல்லது தண்ணீரோடு வினைபுரிகிற அமோனியா, ஹைட்ரஜன் குளோரைடு, மெத்தில் ஐசோசயனேட் போன்றவற்றை அது ஓரளவு தடுக்கும். குளோரினுக்கும் கொஞ்சம் உதவும். கார்பன் மோனாக்சைடுக்கு ஒன்றும் செய்யாது. அறைக்குப் போகும் வழியிலும், அறைக்குள் எரிச்சல் தெரியும்போதும் சில நிமிடம் சமாளிக்க அது போதும். அதைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்குவது வேறு கதை.

மூக்கையும் முழுதாக நம்பக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை வாடை அடிக்கும், மிகச் சொற்ப அளவிலேயே தெரியும். ஆனால் 100 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கை, நெருங்கும்போது மோப்ப நரம்பு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போகும். வாடை நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று ஜன்னலைத் திறப்பவர் அங்கேதான் ஏமாறுகிறார்.

வழியில் மாட்டிக்கொண்டால், பிள்ளை பள்ளியில் இருந்தால்

காருக்குள் இருப்பது திறந்தவெளியைவிட மேல், வீட்டைவிட மிகவும் தாழ்வு. ஓடும் காரின் காற்று மணிக்குப் பல தடவை மாறிவிடும். கண்ணாடியை ஏற்றி, வென்ட்டை மூடி, உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, பக்கத்தில் கட்டடம் இருந்தால் அதற்குள் போய்விடுவது நல்லது.

பிள்ளை பள்ளியில் இருக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் மனதுக்கு ஏறாது. போய்க் கூட்டி வந்துவிட வேண்டும் என்றுதான் கை கால் துடிக்கும். இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். போனால், நீங்கள் மேகத்தின் வழியே போகிறீர்கள். பள்ளி கதவைச் சாத்தி அடைத்து வைத்திருந்தால், உங்களுக்காக அதைத் திறக்க வேண்டியிருக்கும். உங்களோடு வாயுவும் அந்த வகுப்பு முழுவதற்கும் போகும். பிறகு பிள்ளையையும் அதே மேகத்தின் வழியே திரும்ப அழைத்து வர வேண்டும். போகாவிட்டால், பிள்ளை உங்களைப் போலவே ஒரு மூடிய அறையில் ஆசிரியரோடு இருக்கிறது. உள்ளே இருங்கள் என்ற அறிவிப்பு நீங்கும் வரை போகாமல் இருப்பதே சரி. அது எளிது என்று சொல்லவில்லை. பள்ளி இப்படி ஒரு நாளில் என்ன செய்யும், எந்த அறைகளில் பிள்ளைகளை வைக்கும் என்று சாதாரண நாளிலேயே கேட்டு வைத்திருந்தால், அன்றைக்குக் காத்திருக்க மனம் கொஞ்சமாவது ஒத்துழைக்கும்.

வெளியிலிருந்து யாராவது ஓடி வந்தால் உள்ளே விடுங்கள், ஆனால் அடைத்த அறைக்குள் நேரே வேண்டாம். வேறொரு அறையில் மேலாடையைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டு, முகமும் கையும் கழுவி, கண் எரிந்தால் நிறையத் தண்ணீர் விட்டு, பிறகு வரட்டும். உடம்பில் ஒட்டிய ரசாயனத்தின் பெரும்பகுதி துணியோடு போய்விடும்.

எப்போது திறப்பது

மேகம் கடந்தவுடன் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. இத்தனை நேரம் உங்களைக் காத்த அதே வீடு இப்போது நச்சைப் பிடித்து வைத்திருக்கிறது. அரைத் தடவை வீட்டுக்கே திரும்புவோம்: ஒரு மணி நேரம் நின்ற மேகம் விலகும்போது உள்ளே 39 சதவீதம். வெளியே காற்று சுத்தமாகிவிட்டது. தெரியாமல் இன்னொரு மணி நேரம் சாத்தியே வைத்திருந்தால் அப்போதும் உள்ளே 24 சதவீதம் மிச்சமிருக்கும். கடைசிவரை திறக்காமலேயே இருந்தால், சுவரில் ஒட்டியது போக, வெளியில் நின்றவர் சுவாசித்த மொத்த அளவைத்தான் நீங்களும் மெதுவாகச் சுவாசித்து முடித்திருப்பீர்கள். உச்சம் குறைந்ததே லாபம்.

சீக்கிரம் திறப்பதும் ஆபத்து, தாமதமாகத் திறப்பதும் நஷ்டம் என்றால் எதை வைத்து முடிவு செய்வது? ஜன்னல் வழியே பார்த்து முடிவெடுக்க முடியாது. பல வாயுக்களுக்கு நிறமே கிடையாது. அளவுக்கருவி வைத்திருப்பவர் சொல்வதுதான் ஆதாரம். 2012 ஆகஸ்ட் 6 அன்று கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை எரிந்தபோது மாலையில் போட்ட உள்ளிருப்பு அறிவிப்பை இரவு 11 மணி வாக்கில்தான் எடுத்தார்கள். அதன் பிறகும் சுமார் 15,000 பேர் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். பேட்டரி ரேடியோ ஒன்று அடைத்த அறையில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். கைப்பேசிக் கோபுரம் நெரிசலில் திணறும்போது, எப்போது திறப்பது என்ற ஒரே செய்திக்காக நீங்கள் காத்திருப்பீர்கள்.

அறிவிப்பு வந்ததும் தயங்கக் கூடாது. எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனையும் மின்விசிறியையும் போட்டுவிட்டு, குடும்பத்தோடு வெளியே வந்து நில்லுங்கள். வீடு காற்றாட அரை மணியாவது ஆகட்டும். கனமான வாயு என்றால் அடித்தளம், பள்ளமான வாகன நிறுத்தம், தொட்டி, கிணறு இவற்றுக்குள் அன்றைக்கு இறங்க வேண்டாம். தெரு சுத்தமான பிறகும் அங்கே தேங்கி நிற்கும். திறந்து கிடந்த உணவையும் தண்ணீரையும் கொட்டிவிடலாம்.

உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து அன்றைய கணக்கை மூடிவிடவும் முடியாது. பாஸ்ஜீனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் உள்ளே போன பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். நல்ல அளவில் சுவாசித்துவிட்டதாகச் சந்தேகம் இருப்பவர் அன்று மாடி ஏறுவது, ஓடுவது போன்ற உழைப்பைத் தவிர்த்து, மருத்துவரிடம் போய் என்ன வாயு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ளவர், கைக்குழந்தை, கர்ப்பிணி என்றால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே தேவையில்லை.